கர்ப்பகாலத் தடுப்பூசி: எதை, எப்போது, ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார் என் டாக்டர். சின்ன வயதிலேயே எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. இப்போதும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு எதற்கு இது?

பதில்: இது முக்கியமாக உங்களுக்கான ஊசி அல்ல, பிறக்கப்போகும் குழந்தைக்கானது. குழந்தைக்கு நேரடியாகக் கக்குவான் தடுப்பூசி போட வேண்டுமென்றால் 6 வாரமாவது ஆக வேண்டும். பல நாடுகளில் 2 மாதத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்த முதல் டோஸை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்கவும் முடியாது. இரண்டு, மூன்று டோஸ் ஏறிய பிறகுதான் பாதுகாப்பு பலப்படும். கக்குவான் உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள். குழந்தைக்கு ஊசியே போட முடியாத இந்த இடைவெளியைக் கடக்கத் தாயிடமிருந்து போகும் ஆன்டிபாடிதான் (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்) துணை.

பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் வாரக்கணக்கில் இருமல் படுத்தும், ஆனால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். பிறந்த குழந்தையின் கதை வேறு. கிருமி மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பல மடங்கு பெருகி, நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. ரத்தத்தை உள்ளே தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தும் சில குழந்தைகளைக் காப்பாற்ற முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். இந்த நோயில் வைத்தியத்தைவிட வராமல் தடுப்பதுதான் கைகொடுக்கும்.

சின்ன வயதில் போட்ட ஊசியின் பலன் உங்கள் உடம்பில் இப்போது மிகவும் குறைந்திருக்கும். நீங்கள் ஆரோக்கியமாக இருப்பதாலேயே குழந்தைக்குக் கக்குவான் ஆன்டிபாடி போய்ச் சேர்ந்துவிடாது. உங்கள் ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தால்தான் குழந்தைக்கும் போகும். அதை உயர்த்தத்தான் இந்த ஊசி.

கேள்வி: 20-வது வாரத்திலேயே போடலாம் என்கிறார் ஒருவர். 27-க்குப் பிறகுதான் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். அமெரிக்காவில் 27 முதல் 36 வாரம், அதிலும் முன்பகுதியில் போட்டால் நல்லது என்கிறார்கள். பிரிட்டனில் 2012 அக்டோபரில் இந்தத் திட்டம் தொடங்கியபோது 28-வது வாரத்திலிருந்து போட்டார்கள். 2016-இல் அதை 16-வது வாரம் வரை முன்னே கொண்டுவந்தார்கள்.

தாயின் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியை நஞ்சுக்கொடி தானாகவே இழுத்துக் குழந்தைக்கு அனுப்புகிறது. இது 13-வது வாரத்தையொட்டித் தொடங்கினாலும் முதலில் மிக மந்தம்தான். 17 முதல் 22 வாரத்தில் குழந்தையிடம் இருப்பது தாயின் அளவில் பத்தில் ஒரு பங்குதான். 28 முதல் 32 வாரத்தில் பாதியை எட்டும். நிறைமாதத்தில் தாயையே மிஞ்சிவிடும். ஊசி போட்டபின் உங்கள் உடம்பில் ஆன்டிபாடி உச்சத்துக்கு வர சுமார் 2 வாரம் பிடிக்கும். ஆகவே கடைசி மாதங்களின் வேகமான கடத்தலுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும்.

சீக்கிரம் போடுவதில் ஒரு லாபம் உண்டு. குறைமாதத்தில் பிரசவமானாலும் குழந்தை வெறுங்கையோடு வராது. இரட்டைக் குழந்தை, முன்பு ஒருமுறை குறைப்பிரசவம், கருப்பைவாய் பலவீனம் என்று ஏதாவது இருந்தால் 27-வது வாரம் வரை காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். 36 வாரம் தாண்டிவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். பலன் குறையுமே தவிர, இல்லாமல் போகாது.

கேள்வி: என் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். எங்கள் காலத்தில் ரண ஜன்னிக்கு இரண்டு ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். இப்போது ஏன் இத்தனை?

பதில்: அம்மா, நீங்கள் போட்டுக்கொண்ட அந்த இரண்டு ஊசியும் இதே வழியில்தான் வேலை செய்தன. அறுபட்ட தொப்புள்கொடி வழியாக டெட்டனஸ் என்கிற ரண ஜன்னிக் கிருமி புகுந்து பச்சைக் குழந்தைகளைக் கொன்ற காலம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 1988-இல் மட்டும் 7,87,000 சிசுக்கள் டெட்டனஸால் இறந்தன. தாய்மாருக்கு ஊசி போட்டதாலும் பிரசவத்தில் சுத்தம் கூடியதாலும் 2018-இல் அது சுமார் 25,000 ஆகக் குறைந்தது. கர்ப்பிணிக்கு ஊசி போட்டுக் குழந்தையைக் காப்பது புதிதல்ல. காக்க முடிகிற நோய்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

மருமகளின் அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'டி.டி.' என்று தமிழில் எழுதினால் டெட்டனஸ் மட்டும் உள்ள பழைய ஊசியையும் குறிக்கும், டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசியையும் குறிக்கும். இரண்டிலும் கக்குவான் கிடையாது. 'டிடாப்' என்று இருந்தால்தான் மூன்றும் உண்டு. 'டி.டி. போட்டாச்சு' என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கக்குவான் ஊசியும் போட்டாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். டிடாப் போட்டால் அது ஒரு டெட்டனஸ் டோஸாகவும் கணக்காகும். இதுவரை டெட்டனஸ் ஊசியே போடாதவர் என்றால் இரண்டு டோஸ் வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம், இரண்டாவது டோஸுக்கும் பிரசவத்துக்கும் நடுவே குறைந்தது 2 வாரம் இருக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 5 மாதம். தடுப்பூசிக்கு நான் எதிரியில்லை. ஆனால் வயிற்றில் குழந்தை இருக்கும்போது அலுமினியம், பாதரசம் என்றெல்லாம் கேள்விப்படும்போது கை நடுங்குகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: பயப்படுவதில் தவறில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிடாப், ஃப்ளூ ஊசி இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் சில துண்டுகளும் செயலிழக்கச் செய்த நச்சும்தான் இருக்கின்றன. அவற்றால் குழந்தைக்குத் தொற்று ஏற்படுத்த முடியாது. டிடாப்பில் உப்பு வடிவில் உள்ள அலுமினியம் அரை மில்லிகிராமைத் தாண்டாது. தடுப்பு சக்தியைத் தட்டி எழுப்ப அது தேவை. பாதரசச் சேர்மம் பல டோஸ் கொண்ட சில ஃப்ளூ மருந்துக் குப்பிகளில் கெடாமல் காப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அது எத்தில் வகை. மீனில் சேரும் மெத்தில் வகையைப் போல உடம்பில் நெடுநாள் தங்காது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் ஒற்றை டோஸ் ஊசியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் அது இருக்காது. ஆட்டிசத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பெரிய அளவில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை ஆராய்ந்தபோது, பனிக்குடச் சவ்வில் அழற்சி என்று பதிவானவர்கள் டிடாப் போட்டவர்களில் 6.1 சதவீதம், போடாதவர்களில் 5.5 சதவீதம் இருந்தனர். ஆனால் இந்த அழற்சியின் விளைவாக வரக்கூடிய குறைப்பிரசவம் கூடவில்லை. அதனால்தான் இந்தச் சிறு வித்தியாசம் தெரிந்த பிறகும் பரிந்துரை மாறவில்லை. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரக்கூடும். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

இனி மறுபக்கம். பிரிட்டனில் தாய்க்கு ஊசி போட்டதால் 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கக்குவான் சுமார் 90 சதவீதம் தடுக்கப்பட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதிலும் ஆபத்து உண்டு, அது விழுவது குழந்தையின் தலையில். இரண்டையும் எடைபோட்டால் ஊசியின் பக்கம் தெளிவாகவே கனக்கிறது என்பது என் கருத்து. உங்கள் மனைவிக்கு 5 மாதம்தான் என்பதால் யோசிக்க அவகாசம் இருக்கிறது. மனதிலிருக்கும் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

கேள்வி: தாயின் ஆன்டிபாடி இருந்தால், பிறந்தபின் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது என்கிறார்களே?

பதில்: ஓரளவு உண்மைதான். தாய் ஊசி போட்டிருந்தால், குழந்தைக்குப் போடும் முதல் சில டோஸ்களுக்கு ஆன்டிபாடி சற்றுக் குறைவாகவே உருவாகிறது. ஆனால் அதனால் அந்தக் குழந்தைகளிடம் பின்னாளில் நோய் பெருகவில்லை என்பதைப் பிரிட்டனின் பல ஆண்டுக் கண்காணிப்பு காட்டியது. தாயிடமிருந்து வந்தது ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். ஆகவே குழந்தையின் முதல் ஊசியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 'அம்மா போட்டுக்கொண்டாளே, மெதுவாகப் போடலாம்' என்று இருந்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி: முதல் குழந்தைக்கு ஒன்றரை வயது. அந்தக் கர்ப்பத்திலேயே டிடாப் போட்டேன். இப்போது மறுபடியும் வேண்டுமா?

பதில்: வேண்டும். கக்குவான் ஆன்டிபாடி ஒரு வருடத்துக்குள்ளேயே வெகுவாகச் சரிந்துவிடும். பெரிய குழந்தைக்கு உதவியது அந்த முறை போட்டது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கை கொஞ்சம் கூடுதலாக வீங்கலாம், வலிக்கலாம். சில நாளில் சரியாகிவிடும்.

கேள்வி: எனக்கு 10 வாரம். ஃப்ளூ ஊசியை முதல் மூன்று மாதத்தில் போடக் கூடாது என்கிறாள் என் அக்கா.

பதில்: எந்த மாதத்திலும் போடலாம். இதில் பார்க்க வேண்டியது கர்ப்ப வாரத்தைவிட ஃப்ளூ பரவும் பருவத்தை. கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரை போய்ப் படுக்கையில் தள்ளும் அபாயம் மற்றப் பெண்களைவிட அதிகம். முதல் மூன்று மாதத்தில் வரும் கடுங்காய்ச்சல் கருவுக்கும் நல்லதல்ல. குழந்தைக்கோ 6 மாதம் ஆகும் வரை ஃப்ளூ ஊசியே கிடையாது. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு 6 மாதம் வரை பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து மட்டும் வேண்டாம். அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. ஊசியாகவே கேளுங்கள்.

கேள்வி: ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கும் கர்ப்பிணிகளுக்கு ஊசி வந்திருக்கிறதாமே? குறைப்பிரசவம் ஆகும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: கைக்குழந்தைகளை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கவைக்கும் முக்கியமான வைரஸ் இது. இதற்குக் கர்ப்பிணிகளுக்கு அனுமதியுள்ள ஊசி அப்ரிஸ்வோ. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. குழந்தைக்குக் கடுமையான ஆர்.எஸ்.வி. வராமல் முதல் 90 நாளில் சுமார் 82 சதவீதமும், 180 நாள் வரை கணக்கிட்டால் சுமார் 69 சதவீதமும் தடுத்ததாக ஆய்வில் தெரிந்தது.

குறைப்பிரசவம் பற்றிய பேச்சு காரணமில்லாமல் எழவில்லை. 24 முதல் 36 வாரத்தில் போட்ட ஆய்வில் குறைப்பிரசவம் ஊசி போட்டவர்களில் 5.7 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 4.7 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக அமெரிக்காவில் 32 முதல் 36 வாரம் என்று வரையறுத்தார்கள். அந்த வாரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களில் 4.2 சதவீதம், போலி ஊசி போட்டவர்களில் 3.7 சதவீதம். பிரிட்டனில் 28-வது வாரத்திலிருந்தே போடுகிறார்கள். வேறொரு நிறுவனம் கர்ப்பிணிகளிடம் சோதித்த ஆர்.எஸ்.வி. ஊசியில் குறைப்பிரசவம் உண்மையிலேயே கூடியதால் அந்த ஆய்வை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஊரில் உலவும் செய்தியில் இந்த இரண்டும் கலந்துவிட்டன.

இங்கே ஒரு தவறு நடக்க வாய்ப்புண்டு. முதியோருக்கான அரெக்ஸ்வி என்ற ஆர்.எஸ்.வி. ஊசியும் சந்தையில் இருக்கிறது. அது கர்ப்பிணிகளுக்கு உரியதல்ல. அதைத் தவறாகக் கர்ப்பிணிக்குப் போட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசி போடும் முன் பெட்டியில் உள்ள பெயரைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

குறைப்பிரசவ பயம் உங்களை விடவில்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு. நிர்செவிமாப் போன்ற தயார்நிலை ஆன்டிபாடியைக் குழந்தை பிறந்தபின் நேரடியாகக் குழந்தைக்கே ஊசியாகப் போடுவது. பொதுவாக இரண்டில் ஒன்று போதும். ஆனால் தாய்க்கு ஊசி போட்ட 14 நாளுக்குள் பிரசவமாகிவிட்டால் குழந்தைக்கும் போட வேண்டியிருக்கும். உங்கள் டாக்டரிடம் இந்த இரண்டில் எது கிடைக்கும் என்பதை 28-வது வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். டிடாப்பையும் இதையும் ஒரே நாளில் போடலாம். ஆனால் கக்குவானுக்கான ஆன்டிபாடி சற்றுக் குறையக்கூடும் என்பதால், அவகாசம் இருந்தால் டிடாப்பை முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் எம்.எம்.ஆர். ஊசி போட்டுவிட்டேன். கலைக்கச் சொல்கிறார்கள் வீட்டில். ராத்திரியில் தூக்கமே இல்லை.

பதில்: கலைக்க வேண்டாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆரில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை; போட்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். அது முன்னெச்சரிக்கைதான். உங்களைப் போல அறியாமல் போட்டுக்கொண்ட பெண்களின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், அந்த ஊசியால் ரூபெல்லா ஊனத்தோடு ஒரு குழந்தையும் பிறந்ததாக அறியப்படவில்லை. டாக்டரிடம் தேதியைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள், வழக்கமான ஸ்கேன்களைச் செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிலை வீட்டில் உள்ளவர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை போடலாம்? எந்தக் கையில் போடச் சொல்வது?

பதில்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று அல்லது இரண்டு போடலாம். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் வேண்டாம், 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அதை ஊசியின் தலையில் கட்டாமல் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லுங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டினால் மட்டும் போதாது. தோள் முழுவதும் தெரிய வேண்டும். தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று விரல்கடை கீழே, தடித்த தசையில் 0.5 மி.லி. போடுவார்கள். அதைவிட மேலே குத்தினால் மருந்து மூட்டுப் பக்கம் இறங்கி மாதக்கணக்கில் தோள் வலிக்கலாம். மயக்கம் வரும் சுபாவம் இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்குப் பிரசவமாகிவிட்டது. எந்த ஊசியும் போடவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: உங்களையே நொந்துகொள்ள வேண்டாம், இன்னும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே நீங்கள் டிடாப் போட்டுக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி வழி மூடிவிட்டதால் குழந்தையின் ரத்தத்துக்கு ஆன்டிபாடி போகாது. தாய்ப்பாலில் கொஞ்சம் போகும், அது ஈடாகாது. ஆனால் உங்களிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றுவது குறையும். ஊசி பலன் தரச் சுமார் 2 வாரம் ஆகும். வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோரும், அப்பா, பாட்டி, தாத்தா, பெரிய குழந்தைகள் உட்பட, தங்கள் ஊசிகளைச் சரிபார்க்கட்டும். இருமலோ சளியோ இருப்பவர் யாராக இருந்தாலும் குழந்தையைத் தொட வேண்டாம். சொந்தக்காரர் மனம் கோணினாலும் பரவாயில்லை. 6 வாரத்திலோ உங்கள் நாட்டு அட்டவணைப்படியோ குழந்தையின் முதல் ஊசியை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேள்வி: மூன்று வாரக் குழந்தை. மூக்கொழுகல், லேசான இருமல். வீட்டில் இன்னொருவருக்கு இரண்டு வாரமாக விடாத இருமல். கக்குவானாக இருக்குமா? அந்த 'ஹூப்' சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பதில்: சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அப்படி இழுத்து மூச்சுவிடப் பலம் கிடையாது. இருமலே இல்லாமல் மூச்சு சில நொடி நின்றுபோவதுதான் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மூச்சு நிற்பது, உதடோ நாக்கோ நீலமாவது, இருமலுக்குப் பின் துவண்டுபோவது, பால் குடிக்க மறுப்பது, விலாவுக்கு அடியில் குழி விழ மூச்சு வாங்குவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், வீட்டில் நீண்ட இருமல்காரர் இருப்பதால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இருமல் மருந்து எதுவும் கொடுக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததுமே 'கக்குவானாக இருக்கலாம், வீட்டில் ஒருவருக்கு இருமல்' என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மற்றக் குழந்தைகளிடமிருந்து பிரித்து வைத்து, மூக்கின் உட்பகுதியிலிருந்து சளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். முடிவு வரும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கவும் கூடும். ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாக அசித்ரோமைசின் தருவார்கள். எரித்ரோமைசின் இந்த வயதில் இரைப்பை வாய் சுருங்கும் அபாயத்தைக் கூட்டும். மருந்து தொடங்கிய பிறகு வாந்தி பீறிட்டு வந்தால் உடனே சொல்லுங்கள். வீட்டில் இருமுபவரும் அதே நாளில் பரிசோதித்துக்கொண்டு மருந்து தொடங்க வேண்டும். மருந்து ஆரம்பித்து 5 நாள் முடியும் வரை அவர் குழந்தை இருக்கும் அறைக்குள் வர வேண்டாம்.